வளர்ப்புக் குழந்தை இன்னொரு வீட்டுக்குப் போகும்போது: எப்படி ஆயத்தப்படுத்துவது?

முல்லைக்கொடி (மதுரை) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பாதுகாப்பு தேவைப்படும் குழந்தைகள் எங்கே வளர வேண்டும் என்று முடிவுசெய்யும் குழந்தைகள் நலக் குழுவின் ஆணைப்படி, பெற்றோர் இருவரையும் இழந்த எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியை நானும் என் கணவரும் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளாக வளர்ப்புப் பராமரிப்பில் (தத்தெடுக்காமல் எங்கள் வீட்டில் வளர்க்கும் ஏற்பாடு) வைத்திருக்கிறோம். அதற்கு முன்பு அவள் ஒரு குழந்தைகள் இல்லத்தில் இருந்தாள். இப்போது சிவகங்கை மாவட்டத்தில் குடும்பத்துடன் வசிக்கும் அவளுடைய அத்தை, குழந்தையைத் தாமே வளர்ப்பதாக முன்வந்திருக்கிறார். அலுவலர்கள் நேரில் சென்று விசாரித்து, நல்ல இடம் என்று அறிக்கை கொடுத்திருக்கிறார்கள். பிரிவு எங்களுக்கு வலிக்கும் என்பது வேறு. அவள் தன் சொந்தங்களோடு வளரும் வாய்ப்பைத் தடுக்க நாங்கள் நினைக்கவில்லை.

நான் கேட்க வந்தது, இந்த மாற்றத்தை எப்படி நடத்துவது என்பதைத்தான். வீட்டுப் பெரியவர்கள், கடைசி நாள் வரை அவளிடம் சொல்ல வேண்டாம் என்கிறார்கள். சொன்னால் சாப்பிட மாட்டாள், படிக்க மாட்டாள். அதனால் ஊருக்குப் போகிறோம் என்று அழைத்துப்போய் விட்டுவிட்டு வந்துவிடுங்கள், அப்புறம் ஓர் ஆறு மாதத்துக்குப் போனிலும் பேசாதீர்கள், அப்போதுதான் அங்கே ஒட்டுவாள் என்பது அவர்கள் யோசனை. அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனாலும் என் மனம் ஒப்பவில்லை. எங்களிடம் வந்த புதிதில் இவள் இரவில் தன் செருப்பைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் படுப்பாள். தூக்கத்தில் எழுப்பி யாராவது அழைத்துப்போய்விடுவார்கள் என்று நினைத்தாளோ என்னவோ, நாங்கள் கேட்டதற்கு ஒருநாளும் பதில் சொன்னதில்லை. பல மாதங்கள் கழித்துத்தான், யாரும் சொல்லாமலேயே, அதை வாசலில் விடத் தொடங்கினாள். அப்படிப்பட்ட பிள்ளையை ஏமாற்றி அழைத்துப்போவதா என்று தவிக்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டும்.

வைகைக்கரை (குழந்தைகள் பாதுகாப்புப் பணியில் இருந்து ஓய்வு) எழுதியது:

அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் மனம் ஒப்பாததில் நியாயம் இருக்கிறது. சொல்லாமல் கொண்டுபோய் விடுவதால் குழந்தையின் அழுகை நின்றுவிடுவதில்லை. நீங்கள் பார்க்காத இடத்தில் நடக்கிறது, அவ்வளவுதான். அதோடு இன்னொன்றும் நடக்கிறது. ஊருக்குப் போகிறோம் என்று புறப்பட்டு வேறு வீட்டில் விடப்பட்ட குழந்தை, அதற்குப் பிறகு அத்தை கடைக்கு அழைத்தால்கூட நம்பிப் போகாது. அந்த வீட்டில் அவளுடைய வாழ்க்கை தொடங்கும் முன்பே அத்தையின் சொல்லுக்கு மதிப்பில்லாமல் போய்விடும்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது உங்களுக்குத் துணிவு தரும். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம் தன் 3ஆம் பிரிவிலேயே, குழந்தையைப் பற்றிய எந்த முடிவிலும் அந்தக் குழந்தையின் கருத்தைக் கேட்க வேண்டும், அதன் வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அதைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்று அடிப்படை நெறியாக வைத்திருக்கிறது. ஆகவே அவளிடம் சொல்லாமல் நடத்துவது இரக்கக் குறைவு மட்டுமல்ல, சட்டத்தின் நோக்கத்துக்கே மாறானது. வளர்ப்புப் பராமரிப்பைப் பற்றிய 44ஆம் பிரிவையும் படித்துப் பாருங்கள். உடன்பிறந்தவர்களைக் கூடியவரை ஒரே குடும்பத்தில் வைக்க வேண்டும் என்றும், தகுதியில்லை என்று கருதப்பட்ட பெற்றோர்கூட, குழு தடுத்தாலன்றி, வளர்ப்புக் குடும்பத்துக்கு வந்து குழந்தையைப் பார்க்கலாம் என்றும், அவர்கள் தகுதி பெற்றால் குழந்தை திரும்பிப் போகலாம் என்றும் அது சொல்கிறது. ஒரு வீட்டுக்குப் போனால் மற்ற வீட்டை அறுத்துவிட வேண்டும் என்ற எண்ணமே அந்தப் பிரிவில் இல்லை.

இனி நடைமுறைக்கு வருகிறேன். எட்டு வயதுக் குழந்தைக்கு நான்கு முதல் ஆறு வாரம் முன்பாகச் சொல்வது பொருத்தம் என்பது என் கருத்து. மூன்று வயதுக் குழந்தைக்கு அவ்வளவு காலம் புரியாது. பதினான்கு வயதுப் பிள்ளைக்கு முடிவெடுக்கும் முன்பே சொல்லியிருக்க வேண்டும். நீங்களும் கணவரும் ஆற்றுப்படுத்துநரும் (கவுன்சிலர்) ஒன்றாக உட்கார்ந்து சொல்லுங்கள். ஏன் என்ற காரணத்தை அவளுக்குப் புரியும் சொற்களில் சொல்லுங்கள்: அத்தை உன்னைத் தேடி வந்திருக்கிறார், உன்னைப் பார்த்துக்கொள்ள அவருக்கு விருப்பம், நாங்கள் உன்னை வேண்டாம் என்று அனுப்பவில்லை. இந்தக் கடைசி வாக்கியத்தை ஒருமுறை சொன்னால் போதாது. இடம் மாறும் பெரும்பாலான குழந்தைகள், தாங்கள் ஏதோ தவறு செய்ததால்தான் அனுப்பப்படுகிறோம் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அன்று காலையில் உடைத்த டம்ளர்கூட அவர்களுக்குக் காரணமாகத் தெரியும். வேறு வேறு நேரங்களில், கேட்காவிட்டாலும், மறுபடியும் மறுபடியும் சொல்ல வேண்டியிருக்கும்.

பிறகு, படிப்படியான ஒப்படைப்பு வேண்டும் என்று குழுவிடம் எழுத்தில் கேளுங்கள். அத்தை முதலில் உங்கள் வீட்டுக்கு வரட்டும். அவள் தன் இடத்தில், தன் பாயில் உட்கார்ந்தபடி அவரைப் பார்க்கட்டும். இரண்டு மூன்று முறை அப்படி வந்த பிறகு நீங்கள் எல்லோரும் சேர்ந்து அத்தை வீட்டுக்கு ஒரு பகல் போய்வாருங்கள். அதன் பிறகு அவள் மட்டும் ஓர் இரவு தங்கட்டும், அடுத்து இரண்டு இரவுகள். ஒவ்வொரு முறையும் சொன்ன நேரத்துக்குப் போய் அழைத்துவாருங்கள். இவையெல்லாம் அவளுக்கென்று எழுதப்படும் தனிநபர் பராமரிப்புத் திட்டத்தில் பதிவாக வேண்டும். வாய்மொழியாக ஒப்புக்கொண்டது அலுவலர் மாறினால் மறந்துபோகும்.

நெய்தல் எழுதியது:

இரண்டு ஆண்டுகள் வளர்த்துவிட்டால் தத்தெடுக்கலாம் என்று 2024இல் விதி வந்ததே, அந்த வழியில் நீங்களே வைத்துக்கொள்ள முடியாதா?

வைகைக்கரை எழுதியது:

ஐந்து ஆண்டு என்று இருந்ததை இரண்டு ஆண்டாகக் குறைத்தது உண்மைதான். ஆனால் அந்தக் குழந்தை சட்டப்படி தத்துக்குத் தகுதியானது என்று அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும். வளர்க்கத் தகுதியும் விருப்பமும் உள்ள நெருங்கிய உறவினர் இருக்கும்போது அந்த வழி பொருந்தாது. சகோதரியும் அதைக் கேட்கவில்லை. ஒப்படைப்பைப் பற்றியே பேசுவோம்.

கொங்குநாடன் எழுதியது:

ஐயா சொல்வதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். குழந்தையிடம் உண்மையைச் சொல்ல வேண்டும் என்பதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் போன பிறகும் பழைய வீட்டோடு தொடர்பு வைத்திருக்க வேண்டும் என்பதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது.

எங்கள் மகனைத் தத்தெடுத்தபோது அவனுக்கு மூன்று வயது. சம்மதம் தெரிவித்ததிலிருந்து பத்து நாட்களுக்குள் தத்துக்கு முந்தைய வளர்ப்புப் பராமரிப்பில் குழந்தையை ஒப்படைக்க வேண்டும் என்பது விதி; அதன்படி வந்தான். அவனைக் குழந்தைப் பருவம் முதல் பார்த்துக்கொண்ட ஆயா அம்மா மிக நல்லவர். தினமும் இரவு எட்டு மணிக்கு வீடியோ அழைப்பில் பேசுவார். அழைப்பு முடிந்ததும் அவன் கதவருகே போய் நின்றுகொண்டு அழுவான். என் மனைவி தூக்கினால் கையைத் தள்ளிவிடுவான். ஒரு கட்டத்தில் அழைப்புகளை நிறுத்தினோம். சில வாரங்களில் அழுகை நின்றது, எங்களிடம் வந்தான். அந்த அனுபவத்திலிருந்துதான் கேட்கிறேன்: இரண்டு வீட்டிலும் ஒவ்வொரு காலாக வைத்திருக்கும் குழந்தை எப்போதுதான் புதிய வீட்டைத் தன் வீடு என்று நினைக்கும்? அத்தையின் நிலைமையையும் பாருங்கள். குழந்தை ஒவ்வொரு சண்டைக்கும் மதுரைக்குப் போகிறேன் என்றால் அவர் எப்படித் தாய் ஸ்தானத்தில் நிற்பார்?

நல்லூரான் (ஹாரோ, லண்டன்) எழுதியது:

வணக்கம். நானும் மனைவியும் இங்கே உள்ளூராட்சி சபைக்காகப் பிள்ளைகளை வளர்ப்புப் பராமரிப்பில் எடுத்து வருகிறோம். எங்களிடம் இருந்து பெற்றோரிடமும், உறவினரிடமும், தத்தெடுத்தவர்களிடமும் பிள்ளைகள் போயிருக்கிறார்கள். கொங்குநாடன் அவர்கள் எழுப்பியது இலேசான கேள்வி இல்லை. இந்த நாட்டிலும் நீண்ட காலம் அதே எண்ணம்தான் இருந்தது.

1950களில் பிரிட்டனின் மருத்துவமனைகளில் சிறு பிள்ளைகளைப் பெற்றோர் வந்து பார்ப்பதற்குக் கடும் கட்டுப்பாடு இருந்தது. அதற்குச் சொல்லப்பட்ட காரணம், பெற்றோர் வந்துபோனால் பிள்ளை அழுகிறது, வராவிட்டால் அமைதியாக இருக்கிறது என்பதே. ஜேம்ஸ் ராபர்ட்சன் என்ற சமூகப் பணியாளர் அந்தப் பிள்ளைகளை அருகில் இருந்து கவனித்தார். முதலில் எதிர்த்து அழும் பிள்ளை, பிறகு நம்பிக்கை இழந்து சோர்ந்துவிடுகிறது, அதன் பிறகு யாரிடமும் ஒட்டாமல் இருக்கப் பழகிக்கொள்கிறது. இந்த மூன்றாவது நிலையைத்தான் தாதியர் பழகிவிட்டது என்று எடுத்துக்கொள்கிறார்கள் என்று அவர் காட்டினார். 1959இல் வந்த பிளாட் அறிக்கை, பெற்றோரைத் தடையின்றி அனுமதிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. உங்கள் மகன் அப்படி ஆனான் என்று நான் சொல்லவில்லை. அவன் உங்களிடம் வந்தான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அழுகை நின்றதை மட்டும் வைத்து ஒரு பிள்ளை நலமாக இருக்கிறது என்று சொல்ல முடியாது என்பதுதான் நான் கூறவருவது.

அதே ராபர்ட்சன் தம்பதியர் 1960களில், தாய் மருத்துவமனைக்குப் போயிருந்த காலத்தில் நான்கு சிறு பிள்ளைகளை ஒருவர் பின் ஒருவராகத் தங்கள் வீட்டில் வைத்துப் பராமரித்தார்கள். பிரிவுக்கு முன்பே அந்தப் பிள்ளைகள் பெற்றோருடன் அந்த வீட்டுக்கு வந்துபோய்ப் பழகியிருந்தார்கள். தங்கள் விளையாட்டுச் சாமான்களோடும் தாயின் படத்தோடும் வந்தார்கள். வீட்டில் தாயைப் பற்றித் தினமும் பேசப்பட்டது. பிள்ளைகள் கலங்கினார்கள், ஆனால் உடைந்துபோகவில்லை. அதே காலத்தில் பதினேழு மாதக் குழந்தை ஒன்று, ஆயத்தம் எதுவும் இல்லாமல், பணியாளர்கள் மாறிக்கொண்டே இருந்த ஒரு காப்பகத்தில் ஒன்பது நாள் விடப்பட்டது. தாய் திரும்பி வந்தபோது அந்தக் குழந்தை அவரைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டது. இரண்டையும் அவர்கள் படம்பிடித்து வைத்ததால்தான் உலகம் நம்பியது.

இன்று இங்கே தத்துக்குப் போகும் சிறு பிள்ளைகளுக்கு அறிமுகக் காலம் என்று ஒன்று உண்டு. புதிய பெற்றோர் தங்கள் வீடு, சமையலறை, நாய், படுக்கை எல்லாவற்றையும் படமெடுத்து, தங்கள் குரலோடு அனுப்புவார்கள். பிறகு எங்கள் வீட்டுக்கு வந்து, நாங்கள் பிள்ளையைக் குளிக்க வார்ப்பதையும், சாப்பாடு தீத்துவதையும், நித்திரையாக்குவதையும் பக்கத்தில் இருந்து பார்ப்பார்கள். ஓரிரு நாளில் அந்த வேலைகளை அவர்கள் செய்ய, நாங்கள் பக்கத்தில் இருப்போம். பிள்ளைக்கு இது பெரிய செய்தி: எனக்கு வேண்டியவர்கள் இவர்களை நம்புகிறார்கள். முன்பு இதை இரண்டு கிழமைக்குள் முடித்துவிட்டு, வளர்த்தவர்களைப் பல மாதம் விலகியிருக்கச் சொல்வது வழக்கம். கிழக்கு ஆங்கிலியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேரி பீக், எல்ஸ்பெத் நீல், ஜில்லியன் ஸ்கோஃபீல்டு ஆகியோர் அண்மை ஆண்டுகளில் உருவாக்கிய வழிமுறை அதை மாற்றச் சொல்கிறது. அறிமுகத்துக்கு முன்பே நிதானமாகப் பழகும் காலம் வேண்டும் என்பதும், போன பிறகு வளர்த்தவர்கள் விரைவிலேயே நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்பதும் அதன் சாரம். எங்கள் அனுபவமும் அதுதான். நாங்கள் உயிரோடு இருக்கிறோம், கோபமாக இல்லை, அவள் அங்கே சந்தோஷமாக இருப்பதில் எங்களுக்கு மகிழ்ச்சி என்பதைப் பிள்ளை தன் கண்ணால் பார்க்க வேண்டும்.

சாமான்கள் விஷயமாக ஒன்று. குப்பைப் பைகளில் உடுப்புகளைக் கட்டிப் பிள்ளைகளை இடம் மாற்றும் கொடுமைக்கு எதிராக இங்கே இயக்கங்களே நடத்த வேண்டியிருந்தது. நல்ல பெட்டி ஒன்று வாங்கிக் கொடுங்கள் தங்கச்சி, அவளே அடுக்கட்டும். அவள் போர்த்தும் துணியைத் துவைக்காமல் அனுப்புங்கள், அத்தையும் உடனே துவைக்க வேண்டாம். முதல் சில இரவுகளுக்கு உங்கள் வீட்டு வாசனை அவளுக்கு வேண்டும்.

தென்னங்கீற்று எழுதியது:

இந்த இழையை இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருந்தேன். நான் இல்லங்களில் வளர்ந்தவன். ஒன்பது வயதில் ஓர் இல்லத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றப்பட்டபோது, திருவிழாவுக்குப் போகிறோம் என்றுதான் என்னிடம் சொன்னார்கள். நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு நானே முதலில் வண்டியில் ஏறினேன். பால் குடித்தால் எனக்கு வாந்தி வரும் என்பது புதிய இடத்தில் யாருக்கும் தெரியாது. சொல்ல எனக்கும் துணிவில்லை. குடித்து, வாந்தியெடுத்து, அதற்காகத் திட்டு வாங்கி, பல வாரங்கள் போயின. பழைய இல்லத்துச் சமையல்கார அம்மாவுக்கு அது தெரியும். அவரிடம் யாரும் கேட்கவில்லை.

முல்லைக்கொடி அம்மா, தயவுசெய்து எழுதிக் கொடுத்து அனுப்புங்கள். அவள் எதைச் சாப்பிடுவாள், எதற்குப் பயப்படுவாள், காய்ச்சல் வந்தால் எப்படி இருப்பாள், கோபம் வந்தால் எங்கே போய் ஒளிவாள் என்பதையெல்லாம் எழுதுங்கள். உங்களோடு இருந்த காலத்துப் புகைப்படங்களையும் கொடுங்கள். ஏழு வயதில் நான் எப்படி இருந்தேன் என்று பார்க்க என்னிடம் ஒரு படம்கூட இல்லை.

கொங்குநாடன் எழுதியது:

தம்பி எழுதியதைப் படித்துவிட்டு வெகுநேரம் எதுவும் செய்யத் தோன்றவில்லை. நல்லூரான் ஐயாவுக்கும் நன்றி. தொடர்பே கூடாது என்று நான் வாதிடவில்லை என்பதைத் தெளிவுபடுத்துகிறேன். தூங்கப்போகும் நேரத்தில், திரையில் முகம் மட்டும் தெரிந்து, தொட முடியாமல் மறையும் சந்திப்பு ஒரு சிறு குழந்தைக்கு நல்லதில்லை என்று இப்போதும் நினைக்கிறேன். பகலில், நேரில், புதிய வீட்டாரே அழைத்து, அவர்கள் சமைத்த சாப்பாட்டை எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டுவிட்டு, எப்போது மறுபடி வருவோம் என்று சொல்லிவிட்டுப் புறப்படும் சந்திப்பு வேறு. அழைப்பு அத்தையிடமிருந்து வர வேண்டும் என்பதில் மட்டும் நான் உறுதியாக இருக்கிறேன். வளர்த்தவர்கள் தாங்களாகப் போய் நின்றால், அந்த வீட்டைக் கண்காணிக்க வந்ததாகவே தோன்றும்.

முல்லைக்கொடி எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. போன ஞாயிற்றுக்கிழமை ஆற்றுப்படுத்துநரை வீட்டுக்கே வரச் சொல்லி அவளிடம் பேசினோம். அவள் அழவில்லை. வெகுநேரம் பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அங்கே போனால் என் ரேங்க் கார்டில் யார் கையெழுத்துப் போடுவார்கள்?" என்று கேட்டாள். அத்தை போடுவார் என்றேன். "அவங்களுக்கு என் இனிஷியல் தெரியுமா?" என்றாள். அழுகை இரவில் வந்தது. விடியும்வரை பக்கத்தில் படுத்திருந்தேன். பேச்சை மாற்றவில்லை, அழாதே என்றும் சொல்லவில்லை.

அத்தை இதுவரை இரண்டு முறை வந்துபோய்விட்டார். இரண்டாம் முறை வந்தபோது அவளுடைய அப்பாவின் பள்ளிக்கூடப் படம் ஒன்றைக் கொண்டுவந்தார். அந்தப் படத்தில் இருக்கும் காது தன் காது மாதிரியே இருக்கிறது என்று கண்ணாடி முன் நின்று அவள் ஒப்பிட்டுப் பார்த்தாள். நாங்கள் கொடுக்க முடியாத ஒன்று அது என்று எனக்கு அப்போது புரிந்தது. அவளைப் பற்றி ஒரு நோட்டில் எழுதத் தொடங்கியிருக்கிறேன். சில பக்கங்களை அவளே சொல்லச் சொல்ல எழுதுகிறேன்.

எனக்கு இன்னும் இரண்டு கேள்விகள் உள்ளன. அரையாண்டுத் தேர்வுக்கு முன் அனுப்புவதா, பின் அனுப்புவதா? இன்னொன்று, என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. தங்கச்சி போவதைப் பற்றி அவன் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. அவள் இருக்கும் அறைக்குப் போவதையே குறைத்துவிட்டான்.

வைகைக்கரை எழுதியது:

மகனைப் பற்றி முதலில் சொல்கிறேன், ஏனென்றால் வளர்ப்புக் குடும்பத்தின் சொந்தப் பிள்ளைகளை எங்கள் துறையும் பெரும்பாலும் மறந்துவிடுகிறது. அவன் இப்போதே பிரிந்து பழகிப் பார்க்கிறான். அதோடு, இந்த வீட்டிலிருந்து ஒரு பிள்ளையை அனுப்ப முடியுமென்றால் தன் நிலை என்ன என்ற கேள்வியும் பன்னிரண்டு வயதில் எழக்கூடும். அப்பா அவனோடு தனியாகப் பேசட்டும். அவனுக்கென்று ஒரு பொறுப்பும் கொடுங்கள்: படங்களைத் தேர்ந்தெடுத்து ஆல்பம் செய்வது, பகல் பயணத்தில் அவளோடு போய் அத்தை ஊரின் பள்ளிக்கூடத்தைப் பார்த்துவருவது. அவன் விடைபெறவும் நேரம் கொடுங்கள்.

பள்ளி விஷயத்தில், தேர்வை முடித்துவிட்டு அரையாண்டு விடுமுறையில் போவதே நல்லது. வகுப்பில் அவள் முறையாக விடைபெறலாம். புதிய வீட்டில் சில நாட்கள் இருந்து பழகிய பிறகு புதிய பள்ளிக்குப் போகலாம். வீடும் பள்ளியும் ஒரே நாளில் மாறக் கூடாது. மாற்றுச் சான்றிதழைத் தலைமை ஆசிரியர் உடனே தர வேண்டும் என்றும், அது வரத் தாமதமானாலும் அதைக் காட்டிப் புதிய பள்ளி சேர்க்கையை மறுக்க முடியாது என்றும் கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு சொல்கிறது. பள்ளிக்கல்வித் துறை தரும் மாணவர் அடையாள எண்ணான எமிஸ் எண்ணை மறக்காமல் குறித்துக் கொடுங்கள். தடுப்பூசி அட்டை, மருத்துவச் சீட்டுகள், ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றின் அசல்கள் அவளோடு போகட்டும், நகல்கள் உங்களிடம் இருக்கட்டும். மிஷன் வாத்சல்யா என்ற ஒன்றிய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் உறவினரிடம் வளரும் குழந்தைக்கு நிதி ஆதரவாக மாதம் 4000 ரூபாய் பெற வழி உண்டு. வருமான வரம்புக்குள் அத்தை குடும்பம் வருகிறதா என்று சிவகங்கை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விசாரிக்கச் சொல்லுங்கள்.

போன பிறகு நடக்கக்கூடியதையும் அத்தையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முதல் சில வாரங்கள் மிக நல்ல பிள்ளையாக இருப்பாள். அதன் பிறகு படுக்கையில் சிறுநீர் கழிப்பது, பொய் சொல்வது, வீம்பு செய்வது என்று ஏதாவது வரலாம். இங்கேயும் என்னை வைத்துக்கொள்வார்களா என்று அவள் சோதித்துப் பார்க்கும் காலம் அது. அந்த நேரத்தில் அத்தை உங்களை அழைத்துப் பேசத் தயங்கக் கூடாது. நீங்களும் அவரைக் குறை சொல்லக் கூடாது. முதல் சந்திப்பு இரண்டு வாரத்துக்குள் அத்தை வீட்டில் நடக்கட்டும். கொங்குநாடன் சொன்னபடி அழைப்பு அத்தையிடமிருந்தே வரட்டும். அந்தத் தேதியை அவள் புறப்படும் முன்பே காலண்டரில் அவள் கையாலேயே வட்டமிடச் செய்யுங்கள்.

இவ்வளவையும் ஒரு பக்க மனுவாக எழுதி, அத்தையும் நீங்களும் கையொப்பமிட்டு, குழுவின் அடுத்த அமர்வுக்கு முன்பாகக் கொடுத்துவிடுங்கள். நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். வரைவை இங்கே பெயர், ஊர் விவரங்கள் இல்லாமல் பதிந்தால் பார்த்துத் திருத்தித் தருகிறேன்.